எது ஆயுதம்? மாத்தளையின் துவக்கு வரியிலிருந்து கிரைஸ்ட்சர்ச் வரை

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

2019 மே மாதம். ஈஸ்டர் தாக்குதல் நடந்து சில வாரங்கள். நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சியை முடித்து முதல் நியமனத்தில் இருந்தேன். வீடு வீடாகச் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஓர் இரவு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மட்டும் வெளியே எடுக்கும் குர்பான் கத்தியைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டு உம்மா என் அறைக்கு வந்தார். "மகன், இது ஆயுதமா? வெச்சிருக்கலாமா, இல்லாட்டி எங்கயாவது போட்டுரணுமா?" என்று கேட்டார்.

வரலாறு படிப்பிக்கும் எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. சட்டத்தில் என்ன இருக்கிறது என்பது ஒரு பக்கம். வாசலில் வந்து நிற்பவர் அதை எப்படிப் பார்ப்பார் என்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சாதாரண சனத்தின் பயம் இருக்கிறது.

போன வாரம் பத்தாம் வகுப்பில் 1848 கலகம் பற்றிய பாடம். ஒரு பிள்ளை எழும்பி, "சேர், துவக்குக்கு ஏன் வரி போட்டாங்க?" என்று கேட்டது. அந்தக் கேள்வி உம்மாவின் கேள்வியை மீண்டும் ஞாபகப்படுத்தியது. அதனால்தான் இந்தப் பதிவு.

1847இல் ஆளுநராக வந்த டொரிங்டன் பிரபு மறுவருடம் புதிய வரிகளைக் கொண்டுவந்தார். கடைக்கு, வண்டிலுக்கு, படகுக்கு, நாய்க்கு, துவக்குக்கு என்று வரி. அதற்கு மேலாக வீதி வேலைக்குக் கட்டாய உழைப்பு. துவக்கு வைத்திருக்க வருடத்துக்கு 2 ஷிலிங் 6 பென்ஸ் கட்டி அனுமதி எடுக்க வேண்டும். கோப்பித் தோட்டத் துரைக்கு அது பெரிய காசில்லை. ஆனால் சேனை செய்யும் கமக்காரனுக்கு? அவனிடம் இருந்த பழைய துவக்கு பன்றிக்கும் யானைக்கும் எதிரான காவல். மண்வெட்டி, கத்தி மாதிரி அதுவும் ஒரு தொழிற்கருவி. வரி போட்டவர்களின் கணக்கில் எல்லாத் துவக்கும் ஒரே துவக்குத்தான். யாருடையது, எதற்காக என்ற வேறுபாடு அங்கே இருக்கவில்லை.

1848 ஜூலை 26இல் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். இரண்டு நாள் கழித்து, ஜூலை 28இல், புரன் அப்புவின் ஆட்கள் மாத்தளை நகருக்குள் வந்தார்கள். அரச கட்டிடங்களைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்தார்கள். பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் வரி தொடரும் என்பதைச் சனம் நன்றாக விளங்கி வைத்திருந்தது. மறுநாளே கண்டியில் இராணுவச் சட்டம் பிரகடனமானது. ஆகஸ்ட் 8இல் புரன் அப்புவைக் கண்டி போகம்பறையில் சுட்டுக் கொன்றார்கள். கொங்காலேகொட பண்டா செப்டெம்பரில் எல்கடுவையில் பிடிபட்டார். பிறகு மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார். இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை விசாரணை போய், 1850இல் டொரிங்டனும் திருப்பி அழைக்கப்பட்டார்.

என் வகுப்பில் எல்கடுவைப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தங்கள் ஊர்ப் பெயர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்த முக்கியமான ஆண்டு 1916. இலங்கையின் சுடுகலன் கட்டளைச் சட்டம், அந்த ஆண்டின் 33ஆம் இலக்கம். 1915 மே மாத இறுதியில் கண்டிப் பக்கம் தொடங்கி, மாத்தளை உட்படப் பல இடங்களில் எங்கள் மூதாதையரின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் பதம்பார்த்த கலவரத்துக்கு மறுவருடம் வந்த சட்டம் இது. மறுவருடம் வந்தது என்பதற்காக அதனால்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பிழையை நான் பிள்ளைகளுக்கும் விடுவதில்லை. ஆனால் ஒரு நூற்றாண்டு தாண்டியும், பல திருத்தங்களோடு, நாங்கள் அதே சட்டத்தின் கீழ்தான் இருக்கிறோம். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. தானியங்கித் துவக்கு வைத்திருப்பவருக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம். யுத்த காலம், ரி-56 மலிந்திருந்த காலம். அந்தக் கடுமைக்குக் காரணம் இருந்தது.

சரி, தானியங்கி என்றால் என்ன? இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எளிமையாகச் சொல்கிறேன்.

ஒரு வகையில், ஒரு வெடி வைத்ததும் கையால் இழுத்து அடுத்த ரவையை ஏற்ற வேண்டும். இரண்டாவது வகையில், ஒரு தடவை விசையை அழுத்தினால் ஒரு வெடி, அடுத்த ரவை தானாக ஏறிக்கொள்ளும், ஆனால் அடுத்த வெடிக்கு மறுபடி அழுத்த வேண்டும். இதுதான் அரைத் தானியங்கி. மூன்றாவது வகையில், விசையை அழுத்திப் பிடித்தால் விடும் வரை, அல்லது ரவை முடியும் வரை வெடித்துக்கொண்டே இருக்கும். இது முழுத் தானியங்கி. ரி-56இல் ஒரு நெம்பை மாற்றினால் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வேலை செய்யும்.

முதலாவதையும் மூன்றாவதையும் பிரிப்பதில் உலகத்தில் யாருக்கும் பெரிய சிக்கல் இல்லை. நடுவில் உள்ள அரைத் தானியங்கியை எந்தப் பெட்டியில் போடுவது என்பதில்தான் நாட்டுக்கு நாடு, ஒரே நாட்டுக்குள்ளும் வருடத்துக்கு வருடம், சட்டம் தடுமாறுகிறது.

இந்தியாவைப் பாருங்கள். அங்கே 1959 ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகளில் அரைத் தானியங்கி ரைபிள் தடைசெய்யப்பட்ட பிரிவில் இருக்கிறது. அதே மாதிரித் தானாக ரவை ஏறும் கைத்துப்பாக்கி வேறு பிரிவில் இருக்கிறது, அனுமதி எடுத்து வைத்திருக்கலாம். அதிலும் .32 என்றால் சரி, 9 மில்லிமீற்றர் என்றால் தடை. காரணம், 9 மில்லிமீற்றர் படையினர் பாவிக்கும் அளவு. .303 தடை, .315 சரி. சிப்பாயின் ரவை குடிமகனின் துவக்குக்குப் பொருந்தக் கூடாது என்ற வெள்ளைக்காரன் காலத்துப் பயம், சுதந்திர இந்தியாவின் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. சுடப்படுகிற மனிதனுக்கு .303க்கும் .315க்கும் என்ன பெரிய வித்தியாசம்?

அமெரிக்காவில் கேள்வி விசையில் வந்து நிற்கிறது. 2017இல் லாஸ் வேகாஸ் கச்சேரிக் கூட்டத்தின் மீது சுட்டவன், அரைத் தானியங்கியை வேகமாகச் சுட வைக்கும் ஓர் இணைப்பைப் பாவித்தான். அந்த இணைப்புள்ள துவக்கை இயந்திரத் துப்பாக்கி என்று அரசாங்கம் வகைப்படுத்தித் தடைசெய்தது. 2024 ஜூன் 14இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அதைச் செல்லாது என்றது. விசை ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகத்தான் இயங்குகிறது என்பது வாதம். இலக்கணப்படி சரியாக இருக்கலாம். கீழே விழுந்து கிடந்தவர்களுக்கு அந்த இலக்கணம் எதற்கு?

இப்போது நியூசிலாந்து. எங்களுக்கு நெஞ்சில் தைத்த இடம்.

1990இல் அரமொவானா என்ற சிறிய ஊரில் ஒருவன் 13 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன் பிறகு 1992இல் சட்டத்தைத் திருத்தி, 'இராணுவ பாணி அரைத் தானியங்கி' என்று ஒரு புதிய வகுப்பை உருவாக்கினார்கள். அதற்குத் தனி அனுமதி வேண்டும். எப்படிப் பிரித்தார்கள்? தனியாக நிற்கும் கைப்பிடி இருக்கிறதா, மடிக்கும் பிடங்கு இருக்கிறதா, ரவைக்கூட்டில் ஏழுக்கு மேல் கொள்ளுமா என்று பார்த்தார்கள். பெரும்பாலும் தோற்றத்தை வைத்து. 2009இல் பொலிஸ் சில துவக்குகளை மறுவகைப்படுத்தியது. உரிமையாளர் ஒருவர் வழக்குப் போட்டார். 2010இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 2012இல் சட்டத்தை மறுபடி திருத்தினார்கள். நேற்றுச் சட்டப்படி வாங்கிய பொருள் இன்று குற்றமா என்று தெரியாமல் நின்ற அந்த உரிமையாளர்களின் எரிச்சலை நான் பிழை சொல்லமாட்டேன். உம்மாவின் கத்தியை வைத்துக்கொண்டு நானும் அதே இடத்தில்தான் நின்றேன்.

ஆனால் அந்த வகைப்படுத்தலில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதே ரைபிளைச் சிறிய ரவைக்கூட்டோடு வாங்கினால் சாதாரண அனுமதி போதும். பெரிய ரவைக்கூட்டைத் தனியாக வாங்க அனுமதியே தேவையில்லை. இரண்டையும் வீட்டில் பொருத்த சில விநாடி. 2019 மார்ச் 15, ஜும்ஆ நேரம், கிரைஸ்ட்சர்ச்சில் அந்நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் பள்ளிவாசலிலும் 51 பேரைக் கொன்றவன் வைத்திருந்தது அந்தச் சாதாரண அனுமதிப்பத்திரம்தான். கைப்பிடியின் வடிவத்தைப் பற்றி வருடக்கணக்கில் வாதாடிய சட்டம், இந்த ஓட்டையை மூடவில்லை.

ஏப்ரல் 10இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் 119க்கு 1 என்று புதிய சட்டத்தை நிறைவேற்றியது. பெரும்பாலான அரைத் தானியங்கிகளும் பெரிய ரவைக்கூடுகளும் தடை. காசு கொடுத்து அரசாங்கமே திருப்பி வாங்கியது. ஒரு மாதத்துக்குள் இதைச் செய்ய முடிந்தது என்றால், 1992இலேயே செய்திருக்கலாம் அல்லவா? அதற்கு 51 பேரின் உயிர் விலையாகிவிட்டது.

அந்தச் சட்டம் நிறைவேறிப் பதினொரு நாளில் எங்கள் நாட்டில் ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்றவர்கள் எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள். அந்த வெட்கத்தையும் வலியையும் மறைத்துவிட்டு இந்தப் பதிவை எழுத எனக்கு உரிமை இல்லை.

மறுபடி எங்கள் மாவட்டத்துக்கு வருவோம். நாவுல, இறத்தோட்டைப் பக்கம் கமம் செய்பவர்களைக் கேளுங்கள். இரவில் பன்றி, பகலில் குரங்கு. முறைப்படி ஒரு வேட்டைத் துவக்குக்கு விண்ணப்பித்தால் படிவம், விசாரணை, காத்திருப்பு, வருடா வருடம் புதுப்பித்தல். இன்னொரு பக்கம், யாருடைய அனுமதியும் இல்லாமல் பற்றைக்குள் கட்டுத்துவக்கு இருக்கிறது. பன்றிக்கு வைத்தது விறகு பொறுக்கப் போன மனிதனின் காலைப் பறிக்கிறது. நேர்மையான கமக்காரன் சட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறான். கட்டுத்துவக்கு வைப்பவன் பயப்படுவதில்லை. இது 1848இன் அதே பிழை: கருவியின் பெயரைப் பார்க்கிறோம், அது என்ன செய்யும், யார் கையில் எதற்காக இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

"சட்டம் குழப்பமாக இருக்கிறது, ஆகவே கட்டுப்பாடே வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. குழப்பத்தால் முதலில் கஷ்டப்படுபவன் நேர்மையானவன். ஆனால் அதனால் உயிரை இழப்பவன் வேறொருவன், தொழுகையில் சுஜூதில் இருந்தவன். இரண்டு பேருக்கும் தேவை ஒரே விடயம்தான்: ஒரு நிமிடத்தில் எத்தனை ரவை போகும், ரவைக்கூட்டில் எத்தனை கொள்ளும், வைத்திருப்பவர் யார் என்று பார்த்துப் பிரிக்கும் சட்டம். அதைச் சாதாரண ஆள் தன் மொழியில் வாசித்து விளங்க வேண்டும்.

வகுப்பில் கேட்ட பிள்ளைக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. "வரி மட்டும் பிரச்சினை இல்லை மகள், தங்களுக்கு விளங்காத சட்டம் தங்கள் வீட்டுக்குள் வந்ததுதான் பிரச்சினை" என்றேன். எழுதிக்கொண்டது.

உம்மாவின் கத்தி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் அதை வெளியே எடுக்கவில்லை. அடுத்த வருடம் எடுத்தார்.

உங்கள் வீடுகளில் அப்பா, வாப்பா, பாட்டன் காலத்துத் துவக்கு அனுமதிப்பத்திரங்கள் இருந்தால், பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிட்டுப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். பிழை இருந்தால் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன். கிரைஸ்ட்சர்ச்சிலும் எங்கள் தேவாலயங்களிலும் போன உயிர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.