தமிழ்நாட்டில் பள்ளித் தலைமைக்கான தகுதி விதிகள்

தமிழ்நாட்டில் பள்ளி நிர்வாகிக்கெனத் தனி உரிமம் எதுவும் வழங்கப்படுவதில்லை. அரசு ஏற்பளிப்பது பள்ளிக்கு. தகுதி கேட்பது ஆசிரியரிடம். தலைமையாசிரியர் என்பவர் ஆசிரியராகச் சேர்ந்து பதவி உயர்வு பெற்றவர். தனியார் பள்ளியின் தாளாளருக்கு ஆசிரியப் பயிற்சி கட்டாயமில்லை. இந்த ஏற்பாடு ஏறத்தாழ 170 ஆண்டுகளில் படிப்படியாக உருவானது. பள்ளித் தலைமைக்குத் தனித் தகுதி வேண்டுமா என்னும் இன்றைய விவாதத்தைப் புரிந்துகொள்ள அந்த வரலாறு தேவைப்படுகிறது.

தொடக்கம்

1854-இல் வெளியான உட்ஸ் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு நிதியுதவி அளிக்கவும் மாகாணந்தோறும் கல்வித்துறை அமைக்கவும் வழிகாட்டியது. அதன்படி 1855-இல் சென்னை மாகாணத்தில் பொதுக் கல்வித்துறை தோன்றியது. அலெக்சாண்டர் அர்பத்நாட் அதன் முதல் இயக்குநர். நிதி பெற விரும்பிய பள்ளி, அரசு ஆய்வாளரின் பார்வைக்கு உட்பட வேண்டும். ஊரார் கொடுத்த நெல்லையும் காசையும் கொண்டு நடந்த திண்ணைப் பள்ளிகளுக்கு இது புதிய நடைமுறையாக இருந்தது. அதுவரை ஆசிரியரின் தகுதியை முடிவு செய்தது ஊர். இனி அது துறையின் வேலையாயிற்று.

1856-இல் சென்னையில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது இதுவே. சென்னைப் பல்கலைக்கழகம் 1880-களில் எல்.டி. என்னும் பட்டத்தை ஏற்படுத்தியது. அதன் ஆங்கிலப் பெயருக்குக் கற்பித்தலில் உரிமம் பெற்றவர் என்பது பொருள். எல்.டி. பின்னர் பி.டி. ஆகி, பிறகு பி.எட். ஆனது. பட்டதாரி ஆசிரியர்களை இன்றும் பி.டி. உதவி ஆசிரியர் என்று அழைப்பது அந்தப் பழைய பெயரின் எச்சமாகும். கற்பிக்க உரிமம் தந்த அரசு, நிர்வகிப்பதற்குத் தனியாக ஒன்றைத் தரவில்லை. நன்றாகக் கற்பிப்பவர் நன்றாக நிர்வகிப்பார் என்ற எண்ணம் அப்போதே நிலைபெற்றுவிட்டது.

நிர்வாக உரிமையும் அரசின் கட்டுப்பாடும்

உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்கத் தொடங்கியதும், நியமனத்தில் அரசுக்கு என்ன பங்கு என்ற கேள்வி எழுந்தது. போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்தில் இது பெரும் மோதலாக வெடித்தது. 1957-இல் கேரள அரசு கொண்டுவந்த கல்வி மசோதா தனியார் நிர்வாகங்களின் அதிகாரத்தைக் குறைக்க முனைந்தது. அதற்கு எதிரான கிளர்ச்சி, 1959 சூலையில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவை நீக்கப்பட்டதில் முடிந்தது. இடையில், 1958-இல் அந்த மசோதா பற்றிக் கருத்துரைத்த உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினரின் நிர்வாக உரிமை என்பது சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்று தெளிவுபடுத்தியது.

தமிழ்நாட்டில் 1973-ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இத்தகைய வரையறையை ஏற்படுத்தியது. பள்ளிக்குழு அமைத்தல், ஆசிரியர் தகுதிகளை நிர்ணயித்தல், பணிநீக்கத்திற்கு உரிய அலுவலரின் முன் அனுமதி பெறுதல் ஆகியவை இதன் முக்கியக் கூறுகள். 1974-இல் வந்த விதிகளின்படி பதவி உயர்வு தகுதி, திறமை அடிப்படையில் அமைய வேண்டும். இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் மட்டுமே பணிமூப்பு பார்க்கப்படும். திறமையை எப்படி அளப்பது என்பதில் நிர்வாகத்துக்கும் மூத்த ஆசிரியர்களுக்கும் இடையே வழக்குகள் எழுந்தன. சிறுபான்மைப் பள்ளிகளைப் பொறுத்தவரை, தகுதி பெற்றவர்களுள் தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகத்தின் உரிமை என 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அரசுப் பள்ளிகளில்

ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 சூன் 1 முதல் அரசு ஊழியராயினர். தொடக்க, நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பணியிடங்கள் பணிமூப்பு அடிப்படையிலான பதவி உயர்வால் நிரப்பப்படுகின்றன. உயர்நிலைப் பள்ளித் தலைமைக்குத் துறைத்தேர்வுகளில் தேர்ச்சி வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இத்தேர்வுகள் கணக்கு, அலுவலக நடைமுறை, கல்வித்துறை விதிகள் ஆகியவற்றைச் சோதிக்கின்றன. பின்தங்கிய மாணவரை முன்னேற்றுவதும் புதிய ஆசிரியரை வழிநடத்துவதும் இவற்றில் இடம்பெறுவதில்லை.

போடி வட்டாரத்தின் நிலை

இந்த விதிகளின் விளைவைத் தேனி மாவட்டத்தில் தெளிவாகக் காணலாம். ராசிங்காபுரம், போடிநாயக்கனூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி. மேற்கே ஏலக்காய் விளையும் மலைத்தொடர் உள்ளது. இவ்வட்டாரத் தொழிலாளர் பலர் விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் ஏறி இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். பெற்றோர் வீட்டில் இல்லாத காலை நேரத்தில் பிள்ளை பள்ளிக்கு வந்ததா என்று கவனிக்கும் பொறுப்பு பெரும்பாலும் பள்ளியின் மீது விழுகிறது.

ஆனால் எல்லாப் பள்ளிகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. பள்ளிக்கல்வித்துறைப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப்பள்ளிகள், உதவிபெறும் பள்ளிகள், மெட்ரிக் பள்ளிகள் ஆகியவற்றோடு, மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இயங்குகின்றன. குற்றப் பரம்பரைச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், சுமார் 1920 முதல், இவை தொடங்கப்பட்டன. இன்றும் இவற்றின் ஆசிரியர் பணிமூப்புப் பட்டியல் தனியானது. இத்தகைய நலப்பள்ளிகளைப் பள்ளிக்கல்வித்துறையோடு இணைப்பதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. நீதியரசர் கே. சந்துருவின் 2024 அறிக்கையும் ஒரே துறையின் கீழ் கொண்டுவரப் பரிந்துரைத்தது. போராடிப் பெற்ற அடையாளமும் வேலைவாய்ப்பும் பறிபோகும் என்று கள்ளர் பள்ளிகள் சார்பில் எதிர்ப்பு எழுந்தது.

கும்பகோணமும் புதிய சட்டமும்

2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைக்குத் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தனர். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்து வந்தன. 2014-இல் தஞ்சாவூர் நீதிமன்றம் பள்ளி நிறுவனர், தாளாளர், தலைமையாசிரியை, கல்வித்துறையினர் உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகளென அறிவித்தது. 2017-இல் மேல்முறையீட்டில் சிலர் விடுவிக்கப்பட்டனர். பள்ளிக்கு ஏற்பளித்ததோடு அரசின் கடமை முடிந்துவிடாது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

2018-இல் இயற்றப்பட்ட புதிய தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், மழலையர், மெட்ரிக் பள்ளிகள் போன்ற பல வகைகளையும் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அதன் விதிகள் 2023-இல் நடைமுறைக்கு வந்தன. இச்சட்டமும் ஒழுங்குபடுத்துவது பள்ளியைத்தான். நிர்வாகிக்கெனத் தனி உரிமம் இதிலும் இல்லை.

ஆசிரியர் தகுதித் தேர்வு

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் தொடர்ச்சியாக, 1 முதல் 8 வரையிலான வகுப்புகளின் ஆசிரியர்களுக்குத் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள பழைய ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் இத்தேர்வில் தேறவேண்டும் என்றது. ஐந்தாண்டுகளுக்குக் குறைவாக உள்ளோர் பணியில் தொடரலாம். பதவி உயர்வு பெற முடியாது. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இருபது, முப்பது ஆண்டுகள் கற்பித்தவர்களின் வேலையும் பதவி உயர்வும் இதனால் கேள்விக்குள்ளாயின. இத்தேர்வு கற்பித்தல் அறிவைச் சோதிக்கிறது. நிர்வாகத் திறனைச் சோதிப்பதன்று.

பிற நாடுகளில்

அமெரிக்க மாநிலங்களில் பள்ளி முதல்வருக்கு ஆசிரியர் உரிமத்தோடு தனி நிர்வாக உரிமமும் கேட்பது வழக்கம். 1996-இல் பல மாநிலங்கள் சேர்ந்து பள்ளித் தலைமைக்குப் பொதுத் தரங்களை வகுத்தன. இங்கிலாந்து 1997-இல் தலைமையாசிரியருக்கான தேசியத் தகுதியை அறிமுகப்படுத்தி, பின்னர் கட்டாயமாக்கி, 2012-இல் விருப்பத்திற்கு விட்டது. இலங்கையில் அதிபர் சேவை என்னும் தனிப் பணித்தொகுதி உள்ளது; அதற்குப் போட்டித் தேர்வு நடத்தப்படுகிறது. மலேசியாவில் அமினுதீன் பாகி கல்விக்கழகம் பள்ளித் தலைவர்களுக்கான தேசியத் தகுதிப் பயிற்சியை நடத்துகிறது. அங்குள்ள தேசிய வகைத் தமிழ்ப்பள்ளிகளும் அதே அரசுக் கல்வி அமைப்பைச் சேர்ந்தவை.

மறுவடிவமைப்புக்கான கேள்விகள்

இந்தியாவில் 2012-இல் பள்ளித் தலைமைக்கான தேசிய மையம் தொடங்கப்பட்டது. அது பயிற்சி தருகிறது, உரிமம் தருவதில்லை. தமிழ்நாட்டில் தனித் தகுதி கொண்டுவருவதானால் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். முதலாவது, தேர்வு பதவிக்கு முன்பா, பயிற்சி பதவிக்குப் பின்பா என்பது. இரண்டாவது, ஓரிரு ஆசிரியரே உள்ள மலைக்கிராமப் பள்ளியின் ஆசிரியர், வகுப்பை விட்டுவிட்டு நகரத்துக்குப் பயிற்சிக்குச் செல்வது எப்படி என்பது. மூன்றாவது, தலைமையாசிரியரிடம் கேட்கும் தகுதியில் ஒரு பகுதியையேனும் தாளாளரிடமும் கேட்பதா என்பது. பணிமூப்புக்கு ஒரு நியாயம் உண்டு: சாதி, செல்வாக்கு, பணம் ஆகியவற்றால் பதவி கைமாறுவதை அது பெருமளவு தடுத்துவந்தது. அந்தப் பாதுகாப்பை இழக்காமல் திறமைக்கும் இடம் தருவதே புதிய விதிகளை எழுதுவோர் முன்னுள்ள பணியாகும்.