கள்ளிக்குடிச் சந்தை: மக்கள்தொகைக் கணக்கு சொல்வதும் சொல்லாததும்

பள்ளி, மருத்துவமனை, சந்தை போன்றவற்றை எங்கே அமைப்பது என்று முடிவு செய்ய, அந்தந்தப் பகுதியின் மக்கள்தொகை விவரங்கள் அடிப்படை ஆதாரமாகும். ஆனால் அவை மட்டும் போதுமா? திருச்சியின் அண்மைக்கால வரலாற்றில் இதற்கு ஒரு பாடம் உண்டு.

நகரின் வளர்ச்சி

திருச்சிராப்பள்ளி நகராட்சி 1866-லும், காவிரிக்கு வடகரையிலுள்ள திருவரங்கம் நகராட்சி 1871-லும் உருவாயின. 1994-ல் இவ்விரண்டும் பொன்மலை நகராட்சியும் இணைந்து மாநகராட்சி ஆயின. விரிவாக்கத்துக்கு முந்தைய எல்லையின்படி 2011-ல் மக்கள்தொகை 8,47,387. நகரம் இவ்வளவு பெருகியும், காய்கறி மொத்த வணிகம் 1927-ல் விரிவாக்கப்பட்ட காந்தி மார்க்கெட்டிலேயே தொடர்ந்தது. அதனால் அப்பகுதியில் கடும் நெரிசல் ஏற்பட்டது.

புதிய சந்தை

இதைத் தீர்க்க, மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாய் செலவில் மத்திய வணிக வளாகம் கட்டப்பட்டு, 2017-ல் திறக்கப்பட்டது. இடம் விசாலம், லாரிகள் ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை. ஆயினும் பெரும்பாலான வணிகர்கள் அங்கே செல்லவில்லை. தொலைவு அதிகம், கடைகள் சிறியவை என்றனர். 2020-ல் கொரோனா காலத்தில் மூடப்பட்ட காந்தி மார்க்கெட், நீதிமன்ற வழக்குக்குப் பின் அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் திறந்தது.

கணக்கில் வராதவை

லாரியின் பக்கமிருந்து பார்த்தால் கள்ளிக்குடி நல்ல இடமே. காய்கறி வாங்குபவரின் பக்கமிருந்து பாருங்கள். திருவரங்கத்துத் தள்ளுவண்டி வியாபாரி காவிரிப் பாலத்தைக் கடந்தால் காந்தி மார்க்கெட்டை எட்டிவிடலாம். கள்ளிக்குடிக்கோ நகரம் முழுவதையும் தெற்கு நோக்கிக் கடக்க வேண்டும். நான்கு மூட்டை காய்க்குக் கிடைக்கும் லாபம் வண்டி வாடகைக்கே போய்விடும். சுமைதூக்கும் தொழிலாளர்களின் நிலையும் இதுவே.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வார்டு அட்டவணைகள் குடும்பங்கள், ஆண் பெண், குழந்தைகள், எழுத்தறிவு, தொழில் ஆகியவற்றைத் தருகின்றன. மக்கள் வசிக்கும் இடத்தை வைத்தே அவர்களை எண்ணுகின்றன. விடியற்காலையில் யார், எதற்காக, எந்த வண்டியில், எங்கே போகிறார்கள் என்பது அவ்வட்டவணைகளில் இல்லை. அதைச் சந்தை வாசலில் நின்றுதான் எண்ண வேண்டும்.

2025-ல் அதே மதுரைச் சாலையில், நகருக்குச் சற்று அருகில், பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அங்கேயே காய்கனிச் சந்தையும் திட்டமிடப்பட்டுள்ளது. திருவரங்கத்துத் தள்ளுவண்டிக்காரருக்கு அங்கே போய்வரக் கட்டுப்படியாகுமா என்பதே அச்சந்தையின் வெற்றியையும் முடிவு செய்யும்.