திறந்த தொட்டியும் திருகாத வால்வும்: ஹொரேஸ் ஹன்லியின் நீர்மூழ்கி முயற்சி (1861–1864)

முன்னுரை

போரில் எதிரிக் கப்பலை மூழ்கடித்த முதல் நீர்மூழ்கி 'எச். எல். ஹன்லி'. அந்த வெற்றி 1864 பிப்ரவரி 17 அன்று கிட்டியது. கலத்துக்குத் தம் பெயரைத் தந்த ஹொரேஸ் லாசன் ஹன்லியோ அதற்கு நான்கு மாதம் முன்பே அதே கலத்துக்குள் இறந்திருந்தார். அவரது குழு எந்தச் சிக்கலில் கருத்தூன்றியது, எதைக் கவனியாமல் விட்டது என்பதை அக்குழுவின் மூன்று கலங்கள் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

1823இல் டென்னசியில் பிறந்த ஹன்லி, நியூ ஆர்லியன்ஸில் வழக்கறிஞர்; லூசியானா சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். கப்பற்பொறியாளர் என்று பின்னாளில் குறிக்கப்பட்டாலும், இயந்திரத் தொழிலில் ஊறியவர்கள் அவருடைய கூட்டாளிகளான ஜேம்ஸ் மெக்ளின்டாக்கும் பாக்ஸ்டர் வாட்சனுமே. முதலீடும் செல்வாக்கும் ஹன்லியின் பங்கு.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும், வடக்கின் கடற்படை தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்கு, பருத்தி ஏற்றுமதியை நம்பி வாழ்ந்தது. முற்றுகையை உடைக்கும் வலு அதன் கடற்படைக்கு இல்லை. அந்தக் குறையை நிரப்பத் தனியார் பணத்தில் நீர்மூழ்கிகள் உருவாயின.

மூன்று கலங்கள்

முதற்கலமான 'பயனியர்' நியூ ஆர்லியன்ஸில் கட்டப்பட்டது. 1862 ஏப்ரலில் நகரம் வடக்கின் கைக்குப் போனதால், கலத்தை ஹன்லி குழுவினரே மூழ்கடித்துவிட்டு அலபாமாவின் மொபீல் நகருக்குப் பெயர்ந்தனர். இரண்டாம் கலமான 'அமெரிக்கன் டைவர்' மின்காந்தப் பொறியால் இயங்க வேண்டும் என்று விரும்பினர். போதிய விசை கிட்டாததால் கையால் சுழற்றும் முறைக்கே திரும்பினர். அக்கலம் 1863 பிப்ரவரியில் மொபீல் விரிகுடாவில் மூழ்கியது.

மூன்றாம் கலமான 'எச். எல். ஹன்லி'யின் நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். ஏழு பேர் வரிசையாக அமர்ந்து தண்டைச் சுற்ற, எட்டாமவர் முன்னே நின்று செலுத்தினார். மெழுகுவர்த்தியே விளக்கு, அதன் சுடர் மங்கினால் காற்று தீர்கிறது என்று பொருள். மூழ்குவதற்கு நீர் நிரப்பும் தொட்டிகள் இரு முனையிலும் இருந்தன. ஆனால் அவற்றின் தடுப்புச் சுவர்கள் கூரை வரை எட்டவில்லை. தொட்டி நிரம்பி வழிந்தால் நீர் நேரே ஆட்கள் இருக்கும் அறைக்குள் பாயும்.

1863 அக்டோபர் 15

1863 ஆகஸ்டில் கலம் இரயிலில் முற்றுகைக்குள்ளான சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்குச் சென்றது. அம்மாத இறுதியிலேயே, மூடி திறந்திருந்த நிலையில் நீர் புகுந்து ஐவர் இறந்தனர். கலம் மீட்கப்பட்டதும், அதை அறிந்த மொபீல் ஆட்களுடன் ஹன்லியே பொறுப்பேற்றார். அக்டோபர் 15 அன்று பயிற்சிக்காக மூழ்கிய கலம் மேலே வரவில்லை. எட்டுப் பேரும் மாண்டனர்.

மீட்பை நேரில் அறிந்த வில்லியம் அலெக்சாண்டர் பின்னர் எழுதிய விவரத்தின்படி, முன்தொட்டியின் வால்வு திறந்தே கிடந்தது. நிரம்பி வழிந்த நீரின் எடையால் மூக்கு சேற்றில் குத்தி நின்றது. அடிப்புற எடைகளைக் கழற்றும் திருகுகள் பாதி திருகப்பட்டிருந்தன. ஹன்லியின் உடல் முன்மூடிக்கு அடியில், கையில் ஏற்றப்படாத மெழுகுவர்த்தியுடன் கிடந்தது.

இழப்புக்குப் பின்

சார்ல்ஸ்டனில் தென்படைக்குத் தலைமை தாங்கிய தளபதி போரெகார்ட், கலத்தை மீண்டும் பயன்படுத்தத் தயங்கினார். கலத்தின் அடுத்த பொறுப்பாளரான ஜார்ஜ் டிக்சன் வற்புறுத்தியபின், நீருக்கடியில் செல்லாமல் தாக்க மட்டுமே இசைந்தார். நீண்ட கழியின் முனையில் ஏறத்தாழ 61 கிலோ கருமருந்து பொருத்தி, டிக்சன் குழு வடக்கின் 'ஹவுசடானிக்' போர்க்கப்பலைத் தகர்த்தது. அதில் ஐவர் இறந்தனர். நீர்மூழ்கியின் எட்டுப் பேரும் திரும்பவில்லை. 1995இல் கண்டறியப்பட்ட கலம் 2000 ஆகஸ்ட் 8 அன்று மீட்கப்பட்டது. இறுதி மூழ்கலுக்கு வெடிப்பின் அதிர்வலையா, வேறு காரணமா என்ற விவாதம் தொடர்கிறது.

முடிவுரை

ஹன்லி குழு மாற்றி மாற்றிச் சோதித்தது உந்துவிசையை. அவரைக் கொன்றதோ நீரை ஏற்றி இறக்கும் எளிய அமைப்பு. வால்வைத் திறந்துவிட்டது மனிதத் தவறு. அத்தவறு உயிர்க்கேடாகும்படி தொட்டியை மேலே திறந்து வைத்தது வடிவமைப்பின் குறை. அக்குறை திருத்தப்படவும் இல்லை. நீருக்கடியில் செல்லாமல் தாக்க வேண்டும் என்ற போரெகார்டின் நிபந்தனை அதைச் சுற்றிப்போக வழி சொன்னதே தவிர, தீர்வு சொல்லவில்லை. மூன்று மூழ்கல்களில் சொந்த ஆட்கள் 21 பேரை இழந்து, எதிரிகள் ஐவரைக் கொன்ற கலம் இது. முற்றுகையோ கடைசிவரை உடையவில்லை.