அகாசகாவின் வலப்பக்க அறை

ஜப்பானின் டொகைடோ பெருவழியில் கோயு என்ற ஊரைத் தாண்டியதும் இருபுறமும் பைன் மரங்கள் கவிந்து நிற்கும். அந்த நிழலிலேயே நடந்தால் அடுத்த ஊரான அகாசகா வந்துவிடும். எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் இணைத்த இந்தச் சாலையின் 53 தங்கல் ஊர்களில் இவை 35ஆவதும் 36ஆவதும். இடையே இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. வழி நெடுகிலும் இவ்வளவு நெருக்கமான ஊர்கள் வேறு கிடையாது.

இந்தத் தங்கல் ஊர்கள் 1601இல் ஆட்சியாளர் தொகுகாவா இயேயாசு வகுத்த ஏற்பாடு. பிரபுக்கள் 'ஹோன்ஜின்' மாளிகைகளில் இறங்கினார்கள். கையில் காசில்லாதவர் விறகுக்கு மட்டும் விலை கொடுத்துத் தாமே சமைத்துக்கொண்டார். மற்ற எல்லோருக்கும் 'ஹதகோ': இரவுச் சாப்பாடும் படுக்கையும் காலை உணவும் தரும் விடுதி.

அகாசகாவின் ஓஹாஷியா அப்படிப்பட்ட ஒரு ஹதகோ. எடோ காலத்து மரக்கட்டடம். தெருவைப் பார்த்த மரச் சட்டங்கள், மாடிக்கு ஏறும் செங்குத்தான படிகள். 2015 வரை இங்கே ஆட்கள் தங்கினார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ரயில் வந்தது, அதிவேக ரயிலும் வந்தது. இந்த வீடு வழிப்போக்கருக்குப் பாய் விரித்துக்கொண்டே இருந்தது. இப்போது டொயோகாவா நகராட்சி பழுதுபார்த்துப் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறது.

அந்தக் கால ஹதகோவின் உள்ளே என்ன நடந்தது என்பதை ஓவியர் ஹிரோஷிகே 1830களில் வரைந்த அகாசகா ஓவியத்தில் காணலாம். முற்றத்து நடுவில் ஒரு சைகஸ் மரம். இடப்பக்கம் விருந்தினர், குளித்துவிட்டுத் தோளில் துண்டோடு ஒருவர் வருகிறார், சாப்பாடும் வருகிறது. வலப்பக்க அறையில் பெண்கள் கண்ணாடி முன் முகத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் படுக்கைகள் அடுக்கியிருக்கின்றன.

அவர்களுக்கு 'மெஷிமோரி' என்று பெயர். சோறு பரிமாறுகிறவள் என்று அர்த்தம். பரிமாறுவதோடு வேலை முடியவில்லை. முன்பணம் வாங்கிய ஏழைக் குடும்பங்கள் மகள்களை ஆண்டுக் கணக்கில் விடுதிக்கு எழுதிக்கொடுத்தன. இரவுகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. விடுதிக்கு இரண்டு பேர் என்று 1718இல் அரசு வரம்பு வைத்தது. பல ஊர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அதே ஓவியரின் கோயு படத்தில், இருட்டும் நேரத்தில், பெண்கள் வழிப்போக்கரின் மூட்டையைப் பற்றி இழுக்கிறார்கள். அடுத்த ஊர் அவ்வளவு பக்கம். இவரை விட்டால் அங்கே போய்விடுவார்.

ஓவியத்துச் சைகஸ் இதுதான் என்று அகாசகாவில் ஒரு மரத்தைக் காட்டுகிறார்கள். ஜோசென்ஜி கோயில் வளாகத்தில் இன்றும் அது தழைத்திருக்கிறது. வலப்பக்க அறையில் இருந்தவர்களைத் தேடினால் கோயுவுக்குத் திரும்பி நடக்க வேண்டும். பைன் சாலையின் அந்தக் கோடியில், டோரின்ஜி கோயிலில், மெஷிமோரிப் பெண்கள் சிலரின் கல்லறைகள் இருக்கின்றன.