காரீயம் கலந்த காற்று: பெங்களூர்க் குழந்தைகளின் ஒரு தலைமுறைக் கதை

தமிழில் ஈயம் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. ஒன்று வெள்ளீயம், மற்றது காரீயம். ஈயச்சொம்பில் ரசம் வைப்பதும், பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுவதும் வெள்ளீயத்தால். மீன்வலையில் குண்டாகத் தொங்குவதும், பேட்டரிக்குள் தகடாக இருப்பதும் காரீயம். முன்னது சமையலுக்கு ஆகும், பின்னது ஆகவே ஆகாது. பாத்திர வியாபாரத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்துவிட்ட என் போன்றவர்களுக்கு இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். வெள்ளீயத் தகட்டை வளைத்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். காரீயம் சத்தமில்லாமல் வளையும், காகிதத்தில் தேய்த்தால் பென்சில் மாதிரி கோடு விழும், கனமும் கூட. விலை குறைவு என்பதால் இதில் அதைக் கலக்கிறவர்கள் உண்டு. எனக்கே ஒருவர் ஒருமுறை கலந்து அனுப்பினார். சரக்கை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன்.

சரக்கில் இவ்வளவு உஷாராக இருந்தவனுக்கு, அதே காரீயத்தைத் தன் பிள்ளைகள் மூச்சோடு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. அந்தச் சமாசாரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டதை, கணக்குப் பார்க்கிற புத்தியோடு வரிசைப்படுத்துகிறேன், அவ்வளவே.

காரீயம் காற்றுக்குள் வந்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. அந்நாளைய மோட்டார் எஞ்சின்களில் பெட்ரோல் சரியாக எரியாமல் டொக் டொக் என்று இடிக்கும். 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் அதற்கு மருந்து கண்டுபிடித்தார். டெட்ராஎத்தில் லெட் என்ற காரீயக் கூட்டுப்பொருளைச் சிறிது கலந்தால் இடி நின்றுவிடும். 1923-ல் விற்பனைக்கு வந்தது. வைத்த பெயர் என்ன தெரியுமா? "எத்தில்". காரீயம் என்கிற சொல்லையே காணோம். வியாபாரி என்ற முறையில் அந்தப் பெயரின் சாமர்த்தியம் எனக்கு நன்றாகப் புரிகிறது. மறு வருஷமே நியூஜெர்சியில் அதைத் தயாரித்த இடத்தில் தொழிலாளர்கள் ஐந்து பேர் புத்தி பேதலித்து மாண்டார்கள். கொஞ்ச நாள் விற்பனையை நிறுத்தி வைத்தார்கள், விசாரித்தார்கள், 1926-ல் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு அரை நூற்றாண்டு உலகம் முழுதும் அதுதான் ஓடிற்று.

நம் நாட்டில் ஒரு லிட்டர் பெட்ரோலில் 0.56 கிராம் வரை காரீயம் இருக்கலாம் என்று முன்பு அனுமதி இருந்தது. அரை கிராம்தானே என்று தோன்றும். நாளைக்கு 5000 லிட்டர் விற்கிற பங்க் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 2 கிலோ 800 கிராம். அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே பொடியாகத் தெருவில் இறங்கும். ஒரு பங்க், ஒரு நாள்! காரீயம் மக்கிப் போகிற பொருளும் அல்ல. விழுந்த மண்ணிலேயே கிடக்கும், வண்டி போனால் மறுபடி எழும்பும்.

பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இது ஏன் அதிகக் கெடுதல்? உடல் எடைக்குக் கணக்கிட்டால் குழந்தை நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. அதன் மூக்கு புகைக்குழாய் உயரத்திலேயே இருக்கிறது. தரையில் தவழ்ந்த கையை வாயில் வைக்கிறது. வயிற்றுக்குள் போன காரீயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பில் சேர்த்து வைக்கிறது. மூளை வளரும் பருவத்தில் அங்கேயும் புகுகிறது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. பையன் கொஞ்சம் மந்தம், ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், கணக்கு வரவில்லை. அவ்வளவுதான் வெளியே தெரியும். வாத்தியார் அடிப்பார், நாமும் சேர்ந்து திட்டுவோம்.

இந்த மந்தத்தை அளந்து காட்டியவர் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற அமெரிக்க டாக்டர். நம் வீடுகளில் விழுந்த பால்பல்லைக் கூரைமேல் வீசுவோம் அல்லவா? அவர் பாஸ்டன் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் அந்தப் பல்லை வாங்கிச் சேர்த்தார். பல்லில் காரீயம் அதிகமாக இருந்த பிள்ளைகளுக்கு அறிவுத்தேர்வில் மதிப்பெண் குறைவு, வகுப்பில் கவனமும் குறைவு என்று 1979-ல் எழுதினார். அதே வருஷம்தான் நான் வந்தவாசிப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு பெங்களூர் வந்து இறங்கினேன்.

இனி நம் ஊர். தில்லியின் வாகனப் புகை குறித்து எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் 1985-ல் உச்சநீதிமன்றம் போனார். அந்த வழக்கு நடந்த காலத்தில்தான் நடவடிக்கைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1995 ஏப்ரலில் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் காரீயமில்லாப் பெட்ரோல் விற்கத் தொடங்கினார்கள். பெங்களூர் அந்தப் பட்டியலில் இல்லை. நாடு முழுதும் வந்தது 2000 பிப்ரவரி 1-ம் தேதி.

சரி, 1995-ல் எதற்காகத் தொடங்கினார்கள்? அந்த ஏப்ரல் முதல் இந்த நான்கு நகரங்களில் புதிய கார்களுக்கு, புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வர்ட்டர் கட்டாயம் ஆயிற்று. காரீயம் பட்டால் அந்தக் கருவி கெட்டுப்போகும். அமெரிக்காவில் 1975-ல் நடந்ததும் இதேதான். குழந்தை கெடுகிறது என்று ஐம்பது வருஷம் சொன்னபோது கேட்காதவர்கள், கருவி கெடுகிறது என்றதும் கேட்டார்கள். நல்லதே நடந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் நடந்த காரணத்தை வரலாற்றில் மறைக்கக் கூடாது. சமண சமயம் காற்றையே உடம்பாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்னும், கவனக்குறைவால் நேரும் கேட்டையும் இம்சைக் கணக்கில் எழுதும். அந்தப் பேரேட்டில் இதற்கு எத்தனை பக்கம் ஆகும் என்று நான் சில சமயம் நினைத்ததுண்டு.

குழந்தைகளின் ரத்தத்தை அளந்து பார்த்தது, சொல்லப்போனால், நம் பெங்களூர்க்காரர்கள். ஆபிரகாம் ஜார்ஜ் என்பவர் ராணுவத்தில் இருந்து, பின் அமெரிக்காவில் தொழில் நடத்தித் திரும்பியவர். ஓசூர் வட்டம் பாலிகானப்பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு சாந்தி பவன் பள்ளியை 1997-ல் தொடங்கியவரும் அவரே. அவருடைய ஜார்ஜ் ஃபவுண்டேஷன், பெங்களூர், சென்னை, வேலூர் உட்பட ஏழு ஊர்களில் ஏறக்குறைய 22,000 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தது. 12 வயதுக்கு உட்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு 100 மில்லி ரத்தத்தில் 10 மைக்ரோகிராமுக்கு அதிகமாகக் காரீயம் இருந்தது. 1999 பிப்ரவரியில் இதுபற்றி இந்த ஊரிலேயே சர்வதேச மாநாடு கூடிற்று. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் துப்பில் வெங்கடேஷ் அதன் பிறகும் இதே வேலையாக அலைந்தவர். மாநாட்டுச் செய்தியைக் கடையில் உட்கார்ந்து படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கீழே கடை, மேலே வீடு, வாசலில் ஆட்டோவும் பஸ்ஸும் உறுமும் பேட்டைத் தெரு. என் மூத்த மகளுக்கு அப்போது பதினொரு வயது.

அந்த 10 என்ற கோடும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அமெரிக்காவில் 1960-களில் 60 வரை பரவாயில்லை என்றார்கள். 1985-ல் 25, 1991-ல் 10, 2012-ல் 5, 2021-ல் 3.5. நேற்று "நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பிய குழந்தை இன்றைய கோட்டின்படி நோயாளி. பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்பதுதான் இப்போதைய முடிவு.

என் மகளுக்கு வேறு ஒரு தொந்தரவும் இருந்தது, இழுப்பு. மார்கழி வந்தால் ராத்திரியெல்லாம் தலையணையை அடுக்கி உட்கார்த்தி வைத்திருப்போம். இதற்குக் காரணம் காரீயம் என்று சொல்லமாட்டேன். அது புகையின் வேறு கணக்கு. அந்தக் கணக்கை எழுதியவர் நம் அல்சூர் ஏரிக்கரை லேக்சைடு மருத்துவமனையின் டாக்டர் எச். பரமேஷ். 1979 முதல் 1999 வரை, ஐந்தாண்டுக்கு ஒருமுறையாக, 20,000 குழந்தைகளின் விவரத்தை வைத்து அவர் கண்டது: ஆஸ்துமா உள்ளவர்கள் 1979-ல் நூற்றுக்கு 9, 1989-ல் 18.5, 1999-ல் 29.5. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் நோயாளிகள்தானே, அதனால் கூடுதலாகத் தெரியலாம் என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் 12 பள்ளிகளுக்கும் போய் 6,550 பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார். வண்டி நடமாட்டம் குறைந்த இடத்துப் பள்ளிகளில் 11.15 சதவீதம். நடமாட்டம் மிகுந்த இடத்தில் 19.34. அதே மிகுந்த இடத்தில் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் 31.14. கிராமப்புறத்தில் 5.7 மட்டுமே. ஒரே ஊர், ஒரே வானம், ஆனால் காற்று தெருவுக்குத் தெரு வேறு. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர் பிள்ளைக்கும், சிக்னல் ஓரத்துப் பள்ளியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் மூச்சு ஒன்றில்லை.

காரீயப் பெட்ரோல் உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியாவில் 2021-ல் நின்றது. இலங்கையில் 2002-லேயே நிறுத்திவிட்டார்கள். அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளைப் பரிசோதித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், சராசரியே 11.4 மைக்ரோகிராம். பெட்ரோலிலிருந்து காரீயம் போய்ச் சில வருஷம் ஆன பிறகு எடுத்த ரத்தம் அது! பழைய தெருமண், பெயின்ட், பழைய பேட்டரியை உடைத்துத் திறந்தவெளியில் உருக்கும் கொட்டகைகள் என்று வழிகள் இருந்துகொண்டே இருக்கின்றன. வீட்டுப் பெயின்ட்டுக்கு 2017 முதல் கட்டுப்பாடு வந்துவிட்டது. உருக்கும் கொட்டகை என் வியாபாரத்துக்குப் பக்கத்து வியாபாரம், ஆகையால் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொட்டகைக்குள் தொட்டிலும் கட்டியிருந்தது. இந்தியாவில் 27 கோடியே 50 லட்சம் குழந்தைகளின் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருப்பதாக யுனிசெஃப் 2020-ல் கணக்கிட்டது.

பெங்களூரில் பதிவான வண்டிகள் இன்று ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. நுண்தூசுக்கு நம் நாடு 2009-ல் வைத்த ஆண்டுச் சராசரி வரம்பு 40. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 5. இந்தக் கோடும் இறங்கும் என்று நினைக்கிறேன். எவ்வளவு வருஷம் கழித்து என்பதுதான் கேள்வி.

எலும்பில் சேர்ந்த காரீயம் இருபது முப்பது வருஷம் அங்கேயே இருக்கும். பெண் கருவுற்றால் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கிக் கருவுக்குப் போகும். என் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது இதைப் படித்திருந்தும் நான் அவளிடம் சொல்லவில்லை. பயப்படுவாள் என்று விட்டேன். போன வருஷம்தான் சொன்னேன். உடனே பேரனுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 4.1 வந்தது. பரிசோதனைக்கூடத்துத் தாளில் "நார்மல்" என்று போட்டிருந்தார்கள். மகள் அந்தத் தாளையும், மேலே நான் எழுதிய அந்த எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "எந்த வருஷத்து நார்மல்ப்பா இது?" என்று கேட்டாள்.