அணுக்குண்டின் தீராக் கடன்

வாளொன்றைச் செய்து உறையிலிட்டால் அதன் செலவு பெரும்பாலும் முடிந்தது எனலாம். அணுக்குண்டின் இயல்பு அவ்வாறன்று. ஆக்குதற்குச் செலவு, காத்தற்கு அதனினும் பெருஞ்செலவு, கைவிட்ட பின்னரும் தீராத கடன். ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஹான்போர்ட்டின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

கொலம்பியா ஆற்றங்கரையிலே பழத்தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர்களாக ஹான்போர்ட்டும் வைற் புளவ்ஸும் விளங்கின. 1943இல் அரசாங்கம் அந்நிலங்களைச் சுவீகரித்தது. கமக்காரர் வீடுவாசல் துறந்து வெளியேறினர். வழிவழியாக அவ்வாற்றில் மீன்பிடித்து வாழ்ந்த வானப்பம் என்னும் பழங்குடியினரும் தம் மாரிக்கால உறைவிடத்தை இழந்தனர். நிலம் எதற்கு வேண்டப்பட்டது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 1945 ஓகஸ்ட் 9ஆம் நாள் நாகசாகியை அழித்த குண்டின் புளூட்டோனியம் அங்கேதான் ஆக்கப்பட்டது.

போர் முடிந்தது, உலைகள் ஓயவில்லை. சோவியத் நாட்டுடன் ஏற்பட்ட போட்டியால் அவற்றின் தொகை 9 ஆக உயர்ந்தது. ஆலையிலிருந்து வெளிப்பட்ட கதிரியக்க அயடீன் காற்றிலே பரவிப் புல்லிற் படிந்தது. பசுவின் பால்வழியே குழந்தைகளைச் சென்றடைந்தது. 1949 டிசெம்பரில், பரிசோதனையின் பொருட்டு, தெரிந்தே அதனைப் பெருமளவில் வெளிவிட்டனர். 1986இல் அரச ஆவணங்கள் வெளியாகும்வரை அயலூர் மக்கள் இச்செய்தியை அறிந்திலர்.

இறுதி உலை 1987இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் 177 நிலக்கீழ்த் தாங்கிகளில் 20 கோடி இலீற்றருக்கு மேற்பட்ட நச்சுக்கழிவு தேங்கியிருந்தது; தாங்கிகள் சில கசிந்து மண்ணையும் மாசுபடுத்தின. 1989இல் உடன்படிக்கை செய்து தொடங்கிய துப்புரவுப் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. புளூட்டோனியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறைதற்கே ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் செல்லும்.

1940 முதல் 1996 வரை அமெரிக்கா அணுவாயுதத்திற்குச் செலவிட்ட தொகை, 1996ஆம் ஆண்டு விலைமதிப்பில், ஏறத்தாழ 5 இலட்சத்து 50 ஆயிரம் கோடி டொலர் என, 1998இல் புறூக்கிங்ஸ் ஆய்வு நிலையம் வெளியிட்ட நூல் கணித்தது. இதிலே குண்டுகளைச் செய்வதற்கான செலவு பத்திலொரு பங்குக்கும் குறைவே. அவற்றைச் சுமக்கும் விமானம், ஏவுகணை, நீர்மூழ்கிக் கப்பல் முதலியனவும், அவற்றை இயக்கும் படைகளுமே பெரும்பங்கை விழுங்கின.

ஒரு குண்டுவீச்சு விமானத்தின் விலையால் முப்பதுக்கு மேற்பட்ட நகரங்களிற் பாடசாலை எழுப்பலாம் என 1953 ஏப்பிரிலில் எடுத்துக்காட்டியவர் அந்நாட்டு சனாதிபதி ஐசன்ஹோவரே. போர்த்தளபதியாக விளங்கிய அவரது ஆட்சியிலேயே அணுக்குண்டுகள் பன்மடங்கு பெருகின. விலையை அறிந்தவராலும் அதனைத் தவிர்க்க இயலவில்லை. பயன்படுத்தலாகாது என யாவரும் வேண்டும் ஒரு பொருளுக்காக, ஹான்போர்ட்டின் பேரப்பிள்ளைகள் இன்றும் இறுத்துவரும் வரி அது.