மீனும் ஆர்சனிக்கும்: ஆய்வறிக்கையைப் படிக்கும் முறை

திருச்செந்தூர் போன்ற கடற்கரை ஊரில், முந்தைய நாள் மீன் குழம்பு உண்டவரின் சிறுநீரில் ஆர்சனிக் மிகுந்திருப்பது வியப்பன்று. கடல்மீனில் இருப்பது பெரும்பாலும் ஆர்சனோபீட்டைன் என்னும் தீங்கற்ற கரிம வடிவம். ‘மொத்த ஆர்சனிக்’ என்ற எண், அதையும் நஞ்சான கனிம வடிவத்தையும் சேர்த்தே காட்டும். சில நாள்கள் மீனைத் தவிர்த்து மறுபரிசோதனை செய்வதோ, வடிவங்களைப் பிரித்தறிவதோதான் தெளிவு தரும்.

பொருளியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பொதுவாக மேல்வரம்பு, மக்களில் 95 விழுக்காட்டினரை உள்ளடக்குமாறு வகுக்கப்படுகிறது. ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளைச் செய்தால், நலமுள்ளவருக்கும் ஒன்றேனும் வரம்பு மீறுவதற்கான வாய்ப்பு 64 விழுக்காடு. உலோகத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்து எடுத்த சிறுநீரை, மருந்து உண்ணாதோரின் வரம்போடு ஒப்பிடுவதும் பிழையே.

‘இயல்பு’ என்ற சொல்லும் ஏமாற்றக்கூடும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016இல்தான் எட்டப்பட்டது. பாதரச ஆவியை நுகர்வது நின்றபின், இரத்தத்திலும் சிறுநீரிலும் அதன் அளவு மாதக்கணக்கில் தணிந்துவிடும். எனவே, ஆண்டுகள் கழித்து வரும் ‘இயல்பு’ பழைய பாதிப்பை மறுக்காது.

தொழில், உணவு, காலம் ஆகிய மூன்றையும் விசாரித்த மருத்துவரே அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல இயலும். அதற்குமுன் உலோக நீக்கச் சிகிச்சைக்குப் பணம் கட்டாதீர்கள். அம்மருந்துகளில் சில சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடியவை.